மீன் பெட்டியில் ஊறிய பார்லி

சுப்பீரியர், விஸ்கான்சின்
மான் வேட்டை தொடங்கிய மறுநாள், ஞாயிறு

அன்பு மகன் ரெய்னோவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் சுகம். அவருக்கு முழங்கால் வலி. அதைப் பற்றிய புலம்பலைக் கேட்கும் வலி எனக்கு. ஏரியில் காற்று பலமாக இருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். தொப்பி போடாமல் கப்பலின் மேல்தளத்தில் நிற்காதே. இந்தக் கடிதத்தை, ஓடும் கப்பலுக்கே வந்து தபால் கொடுக்கும் டெட்ராய்ட் படகுக்கு அனுப்புகிறேன். தபால் வாளியைக் கயிற்றில் இறக்கி எடுத்த ஈரக் கையோடு பிரிக்காமல், துடைத்துவிட்டுப் பிரி. போனில் பேசினால் "சிக்னல் இல்லம்மா" என்று நழுவிவிடுவாய். கடிதத்திடம் அந்த வேலை நடக்காது.

கடைசியாகப் பேசியபோது நீ சொன்னது எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஜனவரியில் ஏரிப் பாதையின் மதகுகளை மூடிக் கப்பலைக் கட்டியதும் வீட்டுக்கு வரமாட்டேன், குளிர்காலம் முழுக்கக் கப்பல் பட்டறையிலேயே வேலை பார்ப்பேன் என்றாய். செப்டம்பர் விடுப்பில் நீயும் உன் மனைவி மார்னியும் போட்ட சண்டைதான் காரணம் என்று எனக்குத் தெரியாதா? வேலை பார்த்த காகித ஆலை மூடியதும் நீ பீர் காய்ச்சும் எஃகு அண்டாக்களை உன் சிநேகிதன் ஹார்லனுக்கு விற்றாய். அதோடு கைத்தொழிலே போய்விட்டது என்று மூலையில் உட்கார்ந்தாய். அண்டா போனால் கை எப்படிப் போகும் என்று அவள் கேட்டாள். நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். யார் பக்கம் நியாயம் என்று நான் விசாரிக்கவில்லை. நீ போன பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நீ மீன் பிடிக்க எடுத்துப்போகும் நீல ஐஸ் பெட்டியை, பீருக்குப் பார்லி ஊறவைக்க என்று, அவள் ஒரு சனிக்கிழமை எங்கள் கொல்லைக்குக் கொண்டுவந்தாள். உங்கள் வீட்டில் வெந்நீர் போதவில்லையாம். திறந்ததும் வந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுப் பூனை வேலி தாண்டி வந்தது. சோடா மாவு, வினிகர், வெயில் என்று வாரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். பிறகு பெட்டியின் அடியில் தண்ணீர் வடியும் அடைப்பைப் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டையில் இரண்டு பக்கமும் வாஷர் வைத்து ஒரு பித்தளைக் குழாயைத் திருகினாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே எஃகு இழை பின்னிய குழாய் இருக்குமே, அதில் ஒன்றை வாங்கி, இரண்டு நுனியையும் அறுத்து, உள்ளே இருந்த ரப்பரை உருவி எறிந்தாள். மிஞ்சிய பின்னல் பாம்புச் சட்டை போல இருந்தது. அதன் ஒரு முனையை மடித்து அடைத்து, மறுமுனையைப் பெட்டிக்குள் குழாயோடு பூட்டினாள். தானியத்தைத் தடுத்து, சாற்றை மட்டும் விடும் வடிகட்டி அதுதானாம். எல்லாம் சேர்த்து முப்பது டாலர் ஆகவில்லை. காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு நடுவில் கிடைக்கும் நேரத்தில் இத்தனையும் செய்தாள்.

முதல் தடவை சொதப்பிவிட்டது. முளைகட்டிய பார்லியை உடைத்துக் கொட்டி, வெந்நீர் ஊற்றி, மூடி வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தால் ஒரு டம்ளர் சாறு வந்தது. அப்புறம் சொட்டு, அப்புறம் அதுவும் இல்லை. வராததைக் கிளறி வரவழைப்போம் என்று துடுப்பை விட்டு அடிவரை கிண்டினாள். கஞ்சி இன்னும் இறுகிப்போனது. என் கல்யாணத்துக்கு வந்த தலையணை உறையில் எல்லாவற்றையும் கொட்டிப் பிழிந்தோம். உறையும் போயிற்று, சாறும் புளித்துப்போயிற்று. நான் அவளைத் திட்டவில்லை. திட்டத்தான் வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

மறுநாள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பார்லியின் பாரத்தில் அந்தப் பின்னல் நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. கிண்டியதில் இன்னும் நசுங்கியிருந்தது. அவள் மேசையிலிருந்த பேனாவைக் கழற்றி, அதன் ஸ்பிரிங்கை வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு செப்புக் கம்பியை எடுத்து மரக்கரண்டிக் காம்பில் சுற்றிச் சுருளாக்கி, பின்னலுக்குள் நுழைத்தாள். மேலே காலால் மிதித்தாள். நசுங்கவில்லை. உன் அப்பா இதைப் பார்த்துவிட்டுக் குழாய் வேலை செய்கிறவர்களுக்கே இது தோன்றாது என்றார். அவர் வாயிலிருந்து முத்து உதிர்வது அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

இரண்டாம் தடவை காய்ச்சும்போது ஹார்லன் வந்து நின்றான். வந்தவன் சும்மா இருப்பானா? "என்ன மார்னி, மீன் கொழம்பா?" என்றான். "கொழம்பு இல்ல ஹார்லன், உங்க அண்டாவுக்குத் தங்கச்சி," என்றாள் இவள். ஐஸை உருகவிடாத பெட்டி வெந்நீரை மட்டும் ஆறவிடுமா? ஒரு மணி நேரத்தில் வெப்பமானி ஒரு கோடுகூட இறங்கவில்லை. எஃகு அண்டாவுக்கு அடிக்கடி தீ மூட்டிச் சலித்தவன், பெட்டியின் மேல் கையை வைத்தான். வெளிப்பக்கம் குளிர்ந்து கிடந்தது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது. குழாயைத் திறந்ததும் முதலில் கலங்கலாக வந்ததை அவள் திரும்ப மேலேயே மெதுவாக ஊற்றினாள். அதன் பிறகு தேன் நிறத்தில், தெளிவாக, விடாமல் ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவி பட்டதால் என்று சொல்லிக்கொண்டேன்.

நன்றாக வராவிட்டால் மனசு விட்டுவிடாதே என்று அவளிடம் சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நல்லா வந்தாலும் வராட்டாலும் போகட்டும் அத்தை. அண்டா இல்லாமயும் செய்ய முடியும்னு அவருக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். இதோ நான் மெச்சுகிறேன், யார் வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும். இந்த வீட்டில் பிறந்த யாருக்கும் இவ்வளவு பிடிவாதமும் இவ்வளவு பொறுமையும் ஒன்றாக வாய்த்ததில்லை.

வேட்டைக்குப் போவதற்கு முந்தின மாலை, நொதிக்கவிட்டு அடைத்து வைத்த பீர் புட்டிகளைத் திறந்தோம். நுரை விரல் உயரத்துக்கு நின்றது. உன் அப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸை மறுபடி நீட்டினார். ஹார்லன் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். பிறகு தனக்கும் அப்படி ஒரு பெட்டி செய்து தரும்படி அவளிடம் கேட்டான்.

மார்னிக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினேன். அவள் அதை ஹார்லன் பக்கம் நகர்த்திவிட்டாள். போன கோடையில் தன் பங்கையும் குடித்து என் பங்கையும் குடித்தவள். இத்தனை பாடுபட்டுக் காய்ச்சிவிட்டு, ஒரு வாய் தொடவில்லை. உன் அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து, "சொல்லுங்க மாமா, கசப்பு தூக்கலா இருக்கா? வாசனை தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். காப்பியையும் நிறுத்திவிட்டாள். பேருந்தை எடுக்கும் முன் காலையில் உப்பு பிஸ்கட் கொறிக்கிறாள். நான் மூன்று பெற்றவள், எனக்குக் கண் இருக்கிறது. ஆனால் அது அவள் வாயால் உனக்குச் சொல்ல வேண்டிய சேதி. நீ போனை எடுத்தால்தானே சொல்லுவாள்? கடிதத்தில் எழுதிவிடுங்களேன் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள்.

பட்டறை வேலை எந்தக் குளிர்காலத்துக்கும் இருக்கும். உனக்காக ஆறு புட்டி தனியே எடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த தடவை காய்ச்சப் பார்லியும் வாங்கிவிட்டாள், ஜனவரி கடைசியில் என்கிறாள். ஊறிய பார்லியும் வெந்நீருமாக அந்தப் பெட்டி என்ன கனம் கனக்கும் என்று உனக்குத் தெரியும்.

கடவுள் உன் கப்பலை நல்லபடியாகக் கரை சேர்க்கட்டும். இனி அவள் அதைத் தூக்கக் கூடாது, ரெய்னோ. நீ வந்து தூக்கு.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா ஆர்டித்