ஷிப்டுக்குப் போகிறவர் தட்டு

இன்று காலை வீடு முழுக்க மீன் எண்ணெய் நாற்றம். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையையும் மீறிக்கொண்டு வந்தது. உன்னோடு பழகியவளுக்கு அது மறக்குமா? எட்டிப் பார்த்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த என் மகன் சட்டையைக் கழற்றிப்போட்டுக் குப்புறப் படுத்திருந்தான். அவன் பெண்டாட்டி, உன் மகள், ஆஸ்பத்திரி பாட்டிலை உள்ளங்கையில் கவிழ்த்து அவன் முதுகில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயிறு இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அந்த எண்ணெய் அவள் குடிப்பதற்காகக் கொடுத்தது.

"இன்னாடி பண்ற?" என்றேன்.

"முதுகு வலிக்குதாம் அத்த. ராவெல்லாம் மிஷின் புட்சிகினு நின்னுகீறாரு."

சொல்லும்போதே எண்ணெய் படாத கையால் வாயை மூடிக்கொண்டாள். நீ மூடுவாயே, அதே மாதிரி. நான் அடுப்பங்கரைக்குத் திரும்பிவிட்டேன். சொல்ல வேண்டியதையெல்லாம் உன்னிடமே சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. இனி எழுதினால் வாசிக்கவா போகிறாய்? இருந்தாலும் உன்னைத் திட்டாமல் எனக்கு இன்று சோறு இறங்காது.

நாம் இரண்டு பேரும் ஒரே வருஷம் கல்யாணமாகி தங்கச் சுரங்கத்து சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளுக்கு வந்தவர்கள். நான் குடியாத்தம் பக்கம், நீ பூதிகோட்டை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். நீ இருமினால் நான் தண்ணீர் கொடுக்கலாம். தையல் மிஷினோடு வந்து இறங்கிய மணப்பெண்ணைப் பார்க்க லைனே கூடியது. எல்லோரும் மிஷினைப் பார்த்தார்கள், நான் உன் பல்லைப் பார்த்தேன். என்ன பல்லடி அது! நூலைக் கத்தரித்து நான் பார்த்ததில்லை, கடித்துத்தான் அறுப்பாய். கரும்பை முழுசாக வாயாலேயே உரிப்பாய். வேதக்கோயிலில் பாட்டெடுக்க உன்னை முன்வரிசையில் நிற்க வைத்தார்கள். வாயை நன்றாகத் திறந்து பாடுகிறவள் நீ ஒருத்திதான் என்று பாதிரியாரின் மனைவி, ஐயர் அம்மாவே சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் எல்லா வீட்டிலும் கறி கொதிக்கும். ஈரல் மட்டும் தனியாக வதங்கும். அது யாருக்கு என்று லைனில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷிப்டுக்குப் போகிறவர் தட்டுக்கு. முட்டை வாங்கினாலும் அப்படித்தான், பாலில் ஆடை படிந்தாலும் அப்படித்தான். நமக்குக் குழம்பும் சோறும். நடுவில் பசித்தால் வெல்லம் போட்ட டீ, அதில் தோய்த்த பன். தையல் நேரத்தில் நீ எத்தனை டீ குடிப்பாய் என்று உனக்கே தெரியாது.

உன் புருஷனைக் குறை சொல்ல மாட்டேன். ஈரலை அவர் உன் பக்கம் தள்ளுவார், நீ அவர் பக்கம் தள்ளுவாய், தட்டிக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுச் சிரிப்பேன். "கேஜ்ல எறங்கற மனுஷனுக்கு இல்லாத ஈரலு எனக்கு எதுக்கு?" என்பாய். சுரங்கத்துக்குள் இறக்கும் அந்த இரும்புக் கூண்டின் பேச்சை எடுத்தால் அவர் ஈரலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். நானும் அப்போது உன் பக்கம்தான். ஏனென்றால் உனக்கும் எனக்கும் ஏர் பிளாஸ்ட் தெரியும். கீழே எங்கோ பாறை வெடிக்கும். மேலே நம் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு சுரங்க வாயான ஷாஃப்டைப் பார்த்து ஓடுவோம். அப்படி ஓடும்போது எந்தப் பெண்ணும் நினைப்பது ஒன்றுதான்: காலையில் அவர் என்ன சாப்பிட்டுவிட்டுப் போனார்? ஒரு தடவை எதிர்வரிசை வீட்டுக்காரரைக் கீழிருந்து துணி போர்த்திக் கொண்டுவந்தார்கள். "வெறும் வயித்தோட போனாரே" என்று அவர் மனைவி அழுதாளே, அந்த அழுகை உன் தொண்டையில் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு உன் வாய்க்குள் ஈரல் எப்படிப் போகும்?

உன் மூத்தவன் பிறந்து பால் மறப்பதற்குள் இந்த மகள் வயிற்றில் வந்துவிட்டாள். உனக்கு ஈறு வீங்கியது. தலையணையில் ரத்தம். கிராம்பு வைத்தாய், உப்பு வைத்தாய், புகையிலைத் தூள் வைத்தாய். நான்தான் உன்னைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். லேடி டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "டீயும் வெல்லமும் குறைங்க. ஈரல், முட்டை, ஆடை எடுக்காத பால், இதெல்லாம் நீங்க சாப்பிடணும். பல்லுக்கும் எலும்புக்கும் வேண்டிய சத்து சிலது கொழுப்புல மட்டும்தான் கரையும், கஞ்சித் தண்ணியில இருக்காது. வெயில்லயும் கொஞ்சம் நில்லுங்க, குழந்தைக்குப் பல் இப்பவே உள்ள உருவாகுது" என்றார். மீன் எண்ணெய் பாட்டிலையும் கொடுத்தார். நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். வரும் வழியில் என்னைக் கேட்டாய், "அவ்ளோ சத்துன்னா, ட்ரில் மிஷின் புடிக்கறவருக்குக் குடுத்தா முதுகு வலி போயிடும் இல்ல?"

அவர் ஒரு வாய் குடித்து வாசலில் கக்கினார். நீ விட்டாயா? உள்ளே போகாவிட்டால் வெளியே இருந்து இறங்கட்டும் என்று முதுகில் தேய்த்தாய். லைனில் இருந்த பூனைகளெல்லாம் அவர் பின்னாலேயே ஷாஃப்ட் வரைக்கும் போயின. நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சும்மா இருக்கவில்லை. என் வீட்டு ஈரலில் உனக்கென்று வதக்கிக்கொண்டு வருவேன். என் முன்னால் ஒரு துண்டு வாயில் போட்டுக் காட்டுவாய். நான் படி இறங்கியதும் மிச்சம் மூடிக்குள் போய்விடும், அவர் வந்ததும் அவர் தட்டுக்குப் போய்விடும். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து கத்துவேன். "போங்க சம்பந்தி" என்று அப்போதே கிண்டல் பண்ணுவாய். பிள்ளைகள் தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. மறியல் பண்ண முடியுமா, போலீஸைக் கூப்பிட முடியுமா? உன் தட்டில் இருப்பதை நீ யாருக்கோ கொடுக்கிறாய். எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கிறது.

உன் மகளுக்குப் பல் தாமதமாக முளைத்தது. முளைத்ததும் மஞ்சளும் குழியுமாக, ஓரமெல்லாம் பொடிந்து வந்தது. பால் பல்தானே, விழுந்து நல்ல பல் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். விழுந்து வந்ததும் அப்படியேதான் வந்தது. வெறும் இட்லியைக் கடித்தாலே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளை. அன்றைக்கு நீ தையல் மிஷின் மேல் தலையை வைத்து அழுதாய். "எனக்குப் போனா போவட்டும். இதுக்கு ஏன்டி?" என்றாய். டாக்டர் சொன்னது உனக்கும் நினைவிருந்தது, எனக்கும் நினைவிருந்தது. அதை அப்போது வாய்விட்டுச் சொல்ல நான் என்ன ராட்சசியா? உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

உன் பல் ஒவ்வொன்றாகப் போனது. கோயிலில் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு வந்தாய், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். நூலை அறுக்கக் கத்தரி வாங்கினாய். மிச்சம் இருந்ததையும் ஆஸ்பத்திரியில் பிடுங்கினார்கள். அந்த வருஷம்தான் உன் புருஷனுக்குத் தரைக்கு மேலே வேலை மாற்றிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் ஈரல் முழுவதையும் உன் தட்டில் வைத்தார். "இனிமே நான் கேஜ்ல எறங்கறதில்ல. துன்னு" என்றார். நீ ஒரு துண்டை வாயில் போட்டு இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் தள்ளிப் பார்த்தாய். பிறகு முந்தானையில் துப்பிவிட்டு, "இப்ப குடுக்கறாரு பாரு" என்று சிரித்தாய். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். தட்டி இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். மத்தியானம் உன் மகள் தட்டில் ஈரலை வைத்துவிட்டுக் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றேன். அவள் என் மகனைப் பார்த்தாள்.

"அவன இன்னா பாக்கற? துன்னு. உங்கம்மாவாட்டம் ஆவணுமா?"

"துன்றேன் அத்த."

சாப்பிட்டாள். வலிக்காத பக்கமாக மெதுவாக மென்றாள். கை வாயை மூடியிருந்தது. நான் பார்க்கப் பார்க்கத் தட்டு காலியானது. அப்பாடா என்று உன்னை நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவன் ஷிப்டுக்குக் கிளம்பினான். டிபன் கேரியர் வாசலில் இருந்தது. எதற்கோ சந்தேகம் வந்து மேல் அடுக்கைத் திறந்தேன். சோற்றுக்கு மேலே, ராத்திரி அவள் சாப்பிட நான் மூடி வைத்திருந்த மிச்ச ஈரல் இருந்தது.

எடுக்கலாம் என்றுதான் கையை நீட்டினேன். அவன் உள்ளே பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "லேட்டாவுது, குடும்மா" என்றான். நான் மூடியை அழுத்தி மூடி, அவன் கையில் கொடுத்தேன்.