நூற்றி முப்பதுக்கு எண்பது

அப்பா,

பிரஷர் பார்க்கும் கைப்பட்டியை இன்று காலை விடுதிக் குழாயடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒட்டுப்பட்டிக்குள் காய்ந்த மீன் செதில் ஒன்று சிக்கியிருந்தது. உங்களுடையதுதான். களப்பில் வலை இழுத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வந்து நீட்டும் தகப்பன் இந்த அறையில் வேறு யாருக்கும் இல்லை.

உடனே எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் பொய். இரண்டு வரி எழுதுகிறேன், எழும்பி வாசல்வரை போய் வருகிறேன். முந்தாநாள் இறுதிச் செய்முறைப் பரீட்சைக்கு இரண்டாம் முறையாகப் போனேன். முதல்முறை பெயில், அது உங்களுக்குத் தெரியாது. இம்முறையும் தவறினால் தாதியாகப் பதிவு இல்லை. பெறுபேறு எப்போது வரும் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறேன். அலுவலகத்து அக்கா என்னைக் கண்டாலே தலையைக் குனிந்துகொள்கிறா.

லீவில் வீட்டுக்கு வர வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொக்கிளாய்க்கு இன்னொன்று. நான் பாதி உயிரோடு வந்து சேரும்போது நீங்கள் குசினி வாசலில் கதிரையைப் போட்டு நோயாளியாகத் தயாராக இருப்பீர்கள். பிரஷர் பார்ப்பதற்கும் பரீட்சையில் ஒரு வரிசை உண்டு. கை கழுவ வேண்டும், பெயர் கேட்க வேண்டும், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. அதைத் தமிழில் எழுதித் தந்தேன். எனக்கு ஒரு மாதம் எடுத்தது; நீங்கள் ஒரு கிழமையில் பாடமாக்கிவிட்டீர்கள்.

“என்ன மிஸி, பேரும் கேக்காமல் கையைப் பிடிக்கிறியள்? ரெண்டு புள்ளி போச்சு.”

“உங்கட பேர் எனக்குத் தெரியாதோ அப்பா?”

“தெரிஞ்சாலும் கேக்கத்தான் வேணும். ஆளை மாத்தி ஊசி போட்டால் ஆர் பொறுப்பு?”

அம்மா உள்ளே இருந்து, “வருத்தக்காரனுக்கு ஒரு வருத்தமும் இல்லை, வாய்தான்,” என்பா. எனக்குக் கோபம் வரும். நீங்கள் புள்ளி வெட்டாமல் விட்ட நாள் ஒன்றுகூட இல்லை.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்லாமல் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. அதற்கு முந்திய கிழமை வகுப்பில் என் தோழிக்குப் பிரஷர் பார்த்து, நல்ல சுகமாயிருந்த பிள்ளைக்கு நூற்றி அறுபது என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். “காதுக்குள்ள என்ன, பஞ்சோ?” என்று படிப்பிக்கிற மிஸ் கேட்டா. அந்த வெட்கத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். உங்கள் கையில் பட்டியைக் கட்டி, காற்றை இறக்கிக் கேட்டேன். மிகவும் கூட இருந்தது. மற்றக் கையிலும் பார்த்தேன். அதே எண். காய்ச்சலுக்குக்கூட ஒரு குளிசை போடாத மனிதன், தனியாக வள்ளத்தைக் கரைக்கு இழுக்கிறவர். மறுபடியும் என் காதுதான் பிழை என்று முடிவெடுத்தேன். திங்கட்கிழமை பயிற்சிக் கொப்பியில் மிஸ் கையொப்பம் வைக்க வேண்டும். இன்னொரு முறை சிரிப்பு வாங்க எனக்குத் தைரியம் இல்லை. 130/80 என்று எழுதினேன். உங்களிடமும் அதையே சொன்னேன்.

“அப்ப நான் இன்னும் இளந்தாரிதான்,” என்றீர்கள். அன்றைக்கும் கை கழுவாததற்கு இரண்டு புள்ளி வெட்டினீர்கள்.

மூன்று கிழமை கழித்து வள்ளத்தடியில் விழுந்தீர்கள். மூளையில் இரத்தக் குழாய் வெடித்ததென்று டொக்டர் சொன்னார். செத்தவீட்டில், உங்களோடு தொழிலுக்குப் போகும் பக்கத்து வீட்டு மாமா என் தலையைத் தடவினார். “தலையிடி எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர் பிள்ளை. கிளினிக்குக்குப் போவம் எண்டு கூப்பிட்டனான். ‘என்ர மகள் பாத்தவள், நூற்றி முப்பதுக்கு எண்பது’ எண்டு மீன்வாடி முழுக்கச் சொல்லித் திரிஞ்சவர். உன்னில அவ்வளவு பெருமை.” ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் எழும்பிப் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

முதல் பரீட்சையில் குழாயைக் காதில் மாட்டியபடி நின்றேன். சத்தம் தெளிவாகக் கேட்டது. எண் மட்டும் வாயில் வரவில்லை. நேரம் முடிந்தது என்றார்கள்.

முந்தாநாள் எனக்குக் கிடைத்தவர் பூநகரி ஐயா ஒருவர். கட்டில் தலைமாட்டு அட்டையில் முதல்நாள் பார்த்த 140/90 இருந்தது. எனக்குக் கேட்டது நூற்றி எழுபதுக்கு நூறு. திரும்பப் பார்த்தேன், அதேதான். பரீட்சகர் மிஸ் பக்கத்தில் நிற்கிறா. 145 என்று எழுதினால் அட்டையோடு ஒத்துப்போகும், யாரும் கேட்க மாட்டார்கள். பேனை அங்கேதான் போனது, அப்பா. உங்களிடம் மறைத்து என்ன செய்ய? எழுத முன்னர் வாயைத் திறந்தேன்.

“ஐயா, உங்கட பிரஷர் கூடிப்போச்சு. நூற்றி எழுபதுக்கு நூறு.”

“அப்பிடியே பிள்ளை? ரத்தம் எடுக்க வேணும் எண்டு சொன்னவை, நான் காலமைக் குளிசையும் போடேல்லை.”

மிஸ்ஸின் முகம் மாறியது. கூடிய எண்ணை நோயாளியிடம் அப்படிப் போட்டு உடைக்கக்கூடாது, வார்டுக்குப் பொறுப்பான மிஸ்ஸிடம்தான் அறிவிக்க வேண்டும். அதுவும் வரிசையில் உள்ளதுதான். “வருத்தக்காரரைப் பயப்படுத்தாதேங்கோ,” என்று தன் தாளில் ஏதோ குறித்தா. பிறகு தானே பட்டியைக் கட்டிப் பார்த்தா. என்ன எண் என்று எனக்குச் சொல்லவில்லை. டொக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினா. எத்தனை புள்ளி வெட்டினா என்று நினைத்து நினைத்து இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நீங்களாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பீர்கள்.

ஆனால் எண்ணை ஆளிடமே சொல்லும் அந்தப் பழக்கத்தை என்னால் விட முடியாது. செத்தவீட்டுக்குப் பிறகு வந்தது. விடுதிப் பிள்ளைகள் கையை நீட்டினாலும் கேட்ட எண்ணை முதலில் அவர்கள் முகத்துக்கே சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு எழுதும்போது மாற்ற வராது. பிழையென்று இன்னொரு முறை பெயில் விட்டால் விடட்டும். மூன்றாம் முறையும் போவேன். அவரவர் எண்ணை எத்தனையோ பேரிடம் சொல்லியாயிற்று. அந்தச் சனிக்கிழமை எண்ணை, கேட்க வேண்டிய உங்களிடம்தான் சொல்லவில்லை.

நூற்றித் தொண்ணூறுக்கு நூற்றிப் பத்து, அப்பா. இண்டைக்குக் களப்புக்குப் போகாதேங்கோ.