பி பக்கத்து நாலாவது பாட்டு

பீர்க்கன்கரணை,
திங்கள் காலை.

அன்பு மகன் ஜோஸ்வினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம். போன வாரம் இதே வரியை எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும், அதனால்தான் எழுதவில்லை. அயர்லாந்துக் குளிரில் நீ ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. வாட்ஸ்அப்பில் சொல்லலாமே என்பாய், என் போனை அப்பாதான் முதலில் எடுத்துப் பார்க்கிறார், பேசினால் ஸ்பீக்கரைப் போடச் சொல்வார், அதனால் பழையபடி பேனா.

கிறிஸ்துமஸ் கீதப் போட்டியில் நம் சபைப் பாடகர் குழு முதல் பரிசு வாங்கிய வீடியோவை அனுப்பினேன் இல்லையா. மெட்டு சொந்தமாக இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. அப்பாவும் ஒரே சாயங்காலத்தில் தானாக வந்த மெட்டு, கர்த்தர் கொடுத்தது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ முதல் ஒத்திகையிலேயே எங்கிருந்து வந்த மெட்டு என்று தெரிந்துவிட்டது. ப்ளஸ் டூ படிக்கும்போது நீ வைத்திருந்தாயே அந்த முடி வளர்த்த ராக் பாட்டுக்காரர்களின் கேசட், அதில் பி பக்கம் நாலாவது பாட்டு. உன் சிநேகிதர்களே அதை ஓட்டிவிடச் சொல்வார்கள், நீ மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றிப் போடுவாய், நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பேன். அப்பா வேகத்தைக் குறைத்து ஆர்மோனியத்தில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். நம் குழுவில் கிடார் வாசிக்கிற மெர்வினுக்கு அந்த ராக் பாட்டுக்காரர்களின் பேர்போன பாட்டெல்லாம் அத்துப்படி, இது அவனுக்கே தெரியவில்லை. நீ வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை எழுதாமல் வெறும் கட்டைவிரலைப் போட்டபோதே உனக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லையே, நீ நன்றாக இருக்க வேண்டும்.

நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் புதுப் பாட்டுப் புத்தகத்தில் மெட்டு தேவானந்தம் என்று அப்பா பெயரை அச்சடிக்கப் போகிறோம் என்று ஆயர் சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்தால் முப்பது வருஷம் குழுவை நடத்திய மனுஷனுக்குத் திருடன் பட்டம். போன செவ்வாய்க்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு உன் செருப்பு டப்பாவிலிருந்து கேசட்டை எடுத்து, பழைய டேப்பில் போட்டேன். அப்பா கேட்டார். இன்னொரு தரம் போடு என்றார். அப்புறம் மூன்று நாள் கஞ்சியைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. சாத்தான் சத்தம் என்று திட்டினதை நானே பலிபீடத்துக்குப் பக்கத்தில் பாடிவிட்டேனே என்று புலம்பல் வேறு. எனக்குப் பயமாகிவிட்டது தம்பி.

நேற்று ஆராதனையில் அறிவிப்பு முடிந்ததும் அப்பா பரிசாக வந்த ஷீல்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். இந்த மெட்டு என்னுடையது இல்லை, என் மகன் அறையில் கேசட்டில் ஓடின பாட்டு, சத்தத்தைக் குறைடா என்று தினமும் சுவரைத் தட்டினவன் நான், அவன் குறைத்தான், நான்தான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.  பிறகு குழுவில் பாடுகிற நம் தபீதாள் அக்கா எழுந்து, ட்யூன் யாருதா இருந்தா இன்னா, பாடினது நாங்கதானே, எங்க தொண்டைக்கு இன்னா பதில் என்று கேட்டார்கள், கோயிலே சிரித்துவிட்டது. ஷீல்டு இரண்டாவது வந்த கூடுவாஞ்சேரி சபைக்குப் போகிறது, புத்தகத்தில் அந்தப் பாட்டு வராது. குழுவை அப்பாவே நடத்தட்டும் என்று ஆயர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மத்தியானம் அப்பா இரண்டாம் தரம் மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது உன் அறையில் உட்கார்ந்து அதையே போட்டுக் கேட்கிறார். காலையில் சத்தம் தாங்காமல் நான் சுவரைத் தட்டினேன். உடனே குறைத்தார். இத்தனை வருஷமாக நீ போனில் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டுவிட்டு அம்மாகிட்ட குடுங்க என்பாயே, இந்த ஞாயிற்றுக்கிழமை அப்படிச் செய்யாதே. அவர் போனுக்கே கூப்பிடு. அவராகக் கூப்பிட மாட்டார், கூச்சப்படுகிறார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. காலையில் பட்டினியாக வேலைக்குப் போகாதே.

உன் அன்புள்ள அம்மா,
டெபோரா தேவானந்தம்.

மறந்துவிட்டேன். கேசட்டில் அந்த ஆள் கத்துவது அப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லையாம், அர்த்தம் என்ன என்று உன்னிடம்தான் கேட்கப் போகிறார். கெட்ட வார்த்தை ஏதாவது இருந்தால் மாற்றிச் சொல்லிவிடு, இப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார்.