ஐந்தாம் நம்பர் வீட்டுத் தவணை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே பறப்பது இரும்புத் தூசி. துவைத்துப் போட்ட வெள்ளைக் கோட்டை மறுபடி அலச வேண்டும். நாளை லேபுக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். எங்கள் வீட்டை ஒட்டிய ஐந்து வரிசை வீடுகளுக்கும் ஆளுக்கொரு கிண்ணம். இரண்டாம் நம்பர் ஒடிசாக்காரர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "ஆன்ட்டி, மோட்டார் சத்தம் வருது. தண்ணி வரல" என்றார். மெக்கானிக்குக்குப் போன் போட வேண்டும்.

மதியம் எளாவூர் புரோக்கர். சாப்பிடச் சொன்னோம். சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் விஷயத்தை எடுத்தார்.

"அஞ்சு ஊடும் சேத்து ஒரே பார்ட்டி கேக்குறாரு நைனா. இட்ச்சிட்டு ஆஸ்டல் கட்டப் போறாரு, கம்பெனி ஆளுங்களுக்கு. டப்பு ரெடியா கீது. ஆடில எதுவும் வாணாம். ஆவணி ஒண்ணு, ஸ்ட்ரைட்டா பத்திரம்."

விலையைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் கை இலையிலேயே நின்றுவிட்டது. என் கையும்தான், கரண்டியோடு. அந்தப் பணம் வந்தால் அடகில் கிடக்கிற நகை அத்தனையும் வீடு திரும்பும். கழுத்தில் மஞ்சள் கயிறோடு லேபில் நிற்க வேண்டாம்.

ஒரே சிக்கல். ஐந்தில் நான்குதான் எங்களுடையது. ரோட்டைப் பார்த்த ஐந்தாம் நம்பர், ஸ்டெல்லாவுக்குத் தவணையில் விற்றது.

"ரோட்டு மொகம் இல்லன்னா பார்ட்டி வர மாட்டாரு. நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார் புரோக்கர்.

ஆகஸ்ட் 4, திங்கள்

லேபில் கம்பெனி மெடிக்கல் செக்கப். ரத்தம் எடுத்து எடுத்துக் கட்டைவிரல் வலி. ஒரு பையன் ஊசியைப் பார்த்ததும் மயக்கம். எழுப்பி டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் அவர் பீரோவைத் திறந்து, ஸ்டெல்லாவோடு போட்ட ஒப்பந்தத்தின் எங்கள் பிரதியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு. பேப்பர் படிக்கக்கூடப் போடாத கண்ணாடி.

மூன்று வருஷத்துக்கு முன்: மூன்றாம் நான்காம் வீட்டுக்குத் தளம் போடப் பணம் இல்லை. பேங்க் என்னைத் திருப்பி அனுப்பியது. ஐந்தாம் நம்பரில் ஆறு வருஷமாக வாடகைக்கு இருந்த ஸ்டெல்லாவுக்குச் சொந்த வீடு வேண்டும். கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை என்பதால் அவளையும் பேங்க் திருப்பி அனுப்பியது. சரி, நாமே ஒரு பேங்க் ஆகிவிடுவோம் என்று சிரித்துக்கொண்டே பேசி முடித்தோம். ஒரு முன்பணம், மாதாமாதம் பத்தாம் தேதிக்குள் தவணை, ஐந்து வருஷம் முடிந்ததும் அவள் பெயரில் பத்திரம். தவணையைக் கையில்தான் தர வேண்டும், அவள் பிரதியின் பின்பக்கம் நான் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அது என் ஏற்பாடு. அந்தச் சாக்கில் மாதம் ஒரு டீ, ஒரு பேச்சு.

அவர் விரலை வைத்துக் காட்டினார். சேர்ந்தாற்போல் மூன்று தவணை தவறினால் ஒப்பந்தம் ரத்து. கட்டியதில் வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் போதும்.

எழுதியது டைப் அடித்தவர். எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும் வரி என்று அன்று நானும் படிக்கவில்லை, ஸ்டெல்லாவும் படிக்கவில்லை.

"ஜூன் கட்டல. ஜூலை கட்டல. வர்ற பத்து மூணாவது" என்றார்.

சாம்பாருக்குத் தாளிக்கப் போனேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மோட்டார் சரி. மெக்கானிக் கேட்டதில் பாதிக்குப் பேசி முடித்தேன். அதில் மட்டும் கெட்டிக்காரி.

செய்ய: ஈ.பி. பில். நான்காம் நம்பர் கதவுக்குத் தாழ்ப்பாள். செப்டிக் டேங்க் வண்டி. நகை வட்டி (எங்கிருந்து?).

குழாயடியில் ஸ்டெல்லா. குடத்தை இடுப்பில் ஏற்றாமல் நின்றாள்.

"அக்கா, உங்க மூஞ்சில முழிக்கவே வெக்கமா கீதுக்கா. பழைய காண்ட்ராக்டரு ரெண்டு மாச சம்பளத்த முழுங்கிட்டு பூட்டான். புது ஆளு பதினஞ்சாந் தேதிக்கு மேலதான் தருவேங்கிறான். இவரு சம்பளம் சோத்துக்கே பத்தல."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'பத்தாம் தேதிக்குள் ஒரு தவணையாவது கட்டிவிடு, இல்லாவிட்டால் வீடு போய்விடும்.' ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம்.

சொன்னது: "அவசரம் இல்ல ஸ்டெல்லா. மெதுவா குடு."

அவள் கண் கலங்கிவிட்டது. "நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும்க்கா" என்றாள்.

வீட்டுக்குள் வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். லேபிலிருந்து வந்தால் கழுவுவது போல. எதற்கு என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

சொந்த ஊரில் யாரோ செத்தால்கூட இவ்வளவு போன் வராது. புரோக்கர் இன்று மட்டும் நான்கு தடவை. "பார்ட்டிக்கு பொன்னேரி பக்கம் வேற எடம் காட்றாங்க நைனா. சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க."

ராத்திரிச் சாப்பாட்டில் அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கெழம பெரியபாளையம் போயிட்டு வரலாமா? ஆடி மாசம், ஆத்தாவுக்கு ஒரு பொங்கல் வெச்சி மூணு வருஷம் ஆவுது."

"ஞாயித்துக்கெழம பத்தாந் தேதி."

"ஆமா."

"காலைல போய்ட்டு சாய்ந்தரம் வந்துரலாம்."

"ராவுக்குத் தங்கிட்டு வரலாம், வசந்தி. எல்லாரும் தங்குறாங்க."

புரிந்தது. வீடு பூட்டியிருந்தால் கையில் தர முடியாது. கையில் தராவிட்டால் கையெழுத்து இல்லை. கோயிலுக்குப் போனவர்களை யார் குறை சொல்வார்கள்? படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

இதை அவரிடம் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"எங்க மில்லுல ஒரு ஷிஃப்ட்டுதான் ஓடுது. அதுவும் எத்தினி நாளைக்கோ. நகை ஏலத்துக்கு நோட்டீஸ் வந்துக்கீது, நெனப்பு கீதா உனக்கு? அவ பணத்த நான் இன்னா தூக்கினு ஓடவா போறேன்? கணக்குப் பண்ணித் திருப்பிக் குட்த்துரலாம். வேற ஊடு பாத்துக்குவா."

அவர் கெட்டவர் இல்லை. அதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. பயம். எனக்கும் அதே பயம். நான் மட்டும் அதற்கு நல்ல பெயர் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கூழ் ஊற்றினார்கள், அம்மன் கோயிலில். லேபுக்கும் ஒரு தூக்குவாளி வந்தது. முருங்கைக்கீரை நன்றாக இருந்தது.

ஸ்டெல்லாவுக்கு வீடு விற்றதும் அவள் பால் காய்ச்சினாள். வாடகைக்கு வந்தபோது ஒரு முறை காய்ச்சியவள்தான். "அது வாடகப் பாலு, இது சொந்தப் பாலு" என்று இரண்டாம் முறை. சர்ச்சிலிருந்து ஆள் வந்து ஜெபம் செய்தார்கள். முதல் டம்ளர் எனக்கு. சர்க்கரை அதிகம். குடித்தேன்.

அதன்பிறகு அந்த வீட்டுக்கு டைல்ஸ் வந்தது. கம்பெனியில் மிஞ்சிய உடைசல், கலர் கலராக. சுவருக்கு நீலம். வாசலில் ஒரு பப்பாளி. இதெல்லாம் இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது?

கட்ட மாட்டாள். கட்ட முடியாது. கட்டக் கூடாது. இன்று சாமி விளக்கு முன்னால் நின்று நான் நினைத்தது இந்த மூன்றாவதுதான். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

காலை ஷிஃப்டுக்கு ஸ்டெல்லா புருஷன் தாஸ் நடந்து போகிறார். தோளில் சாப்பாட்டுப் பை. கம்பெனி ரோடு வரைக்கும் நடந்தால் அரை மணிக்கு மேல் ஆகும்.

"வண்டி இன்னா ஆச்சி தாஸு?"

"சர்வீசுக்கு வுட்டுக்கிறேன்க்கா."

முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவருக்குப் பொய் வராது. அந்த மொபெட்டை அவர் துடைத்துத் துடைத்து வைத்திருந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. விற்றுவிட்டார்கள்.

ஆக, நாளை பணம் வரும்.

இது தெரிந்த பிறகும் வாங்கியவை: பச்சரிசி, வெல்லம், மண்பானை, கற்பூரம், வேப்பிலை (அங்கேயே கிடைக்கும், வேண்டாம்), எனக்கு மஞ்சள் புடவைக்கு மேட்சாக வளையல்.

வளையல் வேறு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. பெரியபாளையம்

சத்திரத்து வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேகமூட்டம், புழுக்கம். கவரப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். பாதி பஸ் மஞ்சள் புடவை.

கிளம்பும்போது ஐந்தாம் நம்பர் கதவு சாத்தியிருந்தது. சர்ச்சுக்குப் போயிருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கிளம்பினோம். எங்கள் வீட்டுக் கேட்டைச் சத்தமில்லாமல் பூட்டினார். சொந்த வீட்டிலிருந்து திருடர்கள் போல.

பஸ் ஏறியதும் அவர் தன் போனை அணைத்தார். என்னுடையதற்குக் கை நீட்டினார். கொடுத்தேன். யாரும் பிடுங்கவில்லை. நானாகக் கொடுத்தேன்.

பொங்கல் பொங்கியது. எல்லாரும் சந்தோஷமாகக் குலவை போட்டார்கள். பக்கத்து அடுப்புக்கார அம்மா, திருவள்ளூர், "கெழக்கால பொங்கிச்சி, நெனச்சது நடக்கும்" என்றாள். நினைத்தது என்னவென்று அவளுக்குத் தெரிந்தால் பானையை உதைத்திருப்பாள்.

வேப்பிலை கட்டிக்கொண்டு பெண்கள் கோயிலைச் சுற்றுகிறார்கள். குழந்தைக்கு அம்மை இறங்கியதற்கு, புருஷன் பிழைத்ததற்கு. வரிசையில் நின்று சன்னதிக்கு முன் வந்தபோது எனக்கு ஒன்றுமே கேட்க வரவில்லை. 'நகை' என்று நினைத்தால் பப்பாளி மரம் வருகிறது. பின்னால் இருந்தவள், "நகரும்மா, இன்னா தூங்கறியா" என்று முதுகில் இடித்தாள். நகர்ந்தேன்.

மத்தியானம் அவரிடம், "இப்ப கெளம்பினாகூட வெளிச்சத்துல போயிரலாம்" என்றேன்.

"ராத்திரி தங்கறதா வேண்டிக்கினேன்" என்றார். முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை. கால்விரல் ஆடிக்கொண்டே இருக்கிறது.

போன் அவர் தலைமாட்டுப் பையில்தான் இருக்கிறது. கையை நீட்டினால் எட்டும். நான் இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

லேபுக்கு லீவு சொல்லியாயிற்று. தலைவலி, நிஜமாகவே.

காலையில் வந்து பூட்டைத் திறந்து, செருப்புகூடக் கழற்றவில்லை. ஸ்டெல்லா வந்துவிட்டாள். வேலைக்குப் போகாமல் காத்திருந்திருக்கிறாள். கையில் கர்ச்சீப்பில் சுற்றிய பணம். ஒப்பந்தத்தின் அவள் பிரதி, அந்தப் பழைய பிளாஸ்டிக் கவரில்.

"நேத்து மூணு வாட்டி வந்தேங்க்கா. பூட்டிக் கெடந்துச்சி. போனும் போவல. உங்களுக்கு இன்னா ஆச்சோன்னு பயந்துட்டேன். அப்பறம் ரெண்டாம் நம்பர் ஆளுதான் கோயிலுக்குன்னு சொன்னாரு." மூச்சு விட்டு, சிரித்தாள். "எனக்கும் சேத்து வேண்டிக்கினீங்களாக்கா?"

பொங்கல் டப்பா என் கையில். தலையை ஆட்டியிருப்பேன்.

"மூணு மாசத்துதும் கீது. எண்ணிக்கோங்க. நீங்க மெதுவான்னுதான் சொன்னீங்க, எனக்குத்தான் மனசு கேக்கல."

அவர் உள்ளேயிருந்து வந்தார். குரல் தணிந்துதான் இருந்தது. "பத்தாந் தேதியோட முட்ஞ்சிச்சிம்மா."

"ஒரு நாளுதானே அண்ணே. நேத்தே எட்த்துனு வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். நீ சொல் என்ற பார்வை. அந்தப் பார்வையில் நோட்டீஸ், மில், எல்லாம் இருந்தது. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அவள்மேல் இருந்ததைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஒப்பந்தத்தை வாங்கித் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க என் கையெழுத்துகள், ஒன்றின் கீழ் ஒன்று. பேனா எழுதவில்லை. உதறி, மறுபடி. தேதி போட்டேன். 10. கையெழுத்து.

அவர் கொல்லைப் பக்கம் போய்விட்டார். மோட்டார் சுவிட்ச் போடும் சத்தம்.

நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். அரை நிமிஷம் நினைத்திருப்பேன்.

"அக்கா, தேதி தப்பா போட்டுட்டீங்க. இன்னிக்குப் பதினொண்ணு."

"தெரியும்."

"பின்ன ஏன்..."

"பத்துன்னே இருக்கட்டும் ஸ்டெல்லா. பேசாம எட்த்துனு போ."

போகவில்லை. காகிதத்தைத் திருப்பினாள். முன்பக்கம். உதடு அசைய, வரி வரியாக, விரல் வைத்துப் படித்தாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. நின்ற இடம் எனக்குத் தெரியும்.

நிமிர்ந்து பூட்டைப் பார்த்தாள். அது இன்னும் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, சாவியோடு. என் மஞ்சள் புடவையைப் பார்த்தாள்.

"மெதுவா குடுன்னு சொன்னீங்க" என்றாள்.

சத்தமாகக்கூட இல்லை. அக்கா என்ற சொல் அதில் இல்லை.

பொங்கல் டப்பாவை நீட்டினேன். வாங்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்து, ஒப்பந்தத்தைச் சுவரில் வைத்துப் பிடித்து, என் கையெழுத்தைப் படம் எடுத்தாள். சரியாக விழுந்ததா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னொன்று எடுத்தாள்.

மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட எடுத்ததில்லை.