‘மக்கள் விருப்பம்’ என்று எழுத மறுத்தவளுக்கு

இன்று காலை திருநின்றவூரில் ரயில் ஏறியதும் எதிரே ஒரு பெண், செய்தித்தாளால் அட்டை போட்ட புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். மழையில் லேசாக நனைந்த தாளிலிருந்து அச்சு மையின் வாசனை வந்தது. நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய். நீ இறந்துபோய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டதை ஆவடி வரைக்கும் மறந்திருந்தேன்.

உனக்குச் சென்னையில் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும் வேலை. எனக்குப் பாரிமுனையில் குமாஸ்தா வேலை. அஞ்சல் வழியில் தத்துவம் எம்.ஏ. சேர்ந்தது உன் யோசனைதான். முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் எதையும் சந்தேகித்தே தீருவோம் என்று கிளம்பியவர்களை தினமும் சேர்ந்து வேலைக்குப் போன இதே ரயிலில்தான் படித்தோம். விழித்திருப்பதே கனவாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். “இவுரு எங்க ஆபீஸ்ல இருந்தா பேப்பரே வெளிய வராதுடி” என்று சிரித்தாய்.

அது இராக் போர் நடந்த ஆண்டு. பாக்தாத் விழுந்த பிறகு, இந்தியாவும் படை அனுப்ப வேண்டும் என்று அமெரிக்கா கேட்டிருந்தது. தொலைக்காட்சியில் தினமும் அதே பேச்சு. என் தம்பி ராணுவத்தில் இருந்தான். அம்மா டிவியை அணைக்கவும் மாட்டாள், பார்க்கவும் மாட்டாள்.

ஒருநாள் உன் நாளிதழின் ஆசிரியர் உன்னிடம் ஒரு தலைப்பைக் கொடுத்தார்: ‘படை போகட்டும்: மக்கள் விருப்பம்.’ செய்தியை அதற்கேற்ப நீ எழுத வேண்டும். எந்த மக்கள் என்று கேட்டாய். அலுவலகத்துக்கு வந்த சில தொலைபேசி அழைப்புகள்தான் ஆதாரம். எழுத முடியாது என்றாய்.

“நம்ம பேப்பரைப் படிச்சுட்டா தில்லியில முடிவு எடுக்கப்போறாங்க?” என்றாராம்.

“எடுக்க மாட்டாங்கன்னா இதை ஏன் சார் போடணும்?” என்றாயாம்.

இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார். எழுதாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளவும் சொன்னார். வீட்டில் உன் ஒருத்தி சம்பளம்தான். அதை நான் சொன்னபோது, “தெரியும்டி. நாளைக்கு லீவு போடு, கும்மிடிப்பூண்டி போவலாம்” என்றாய்.

அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு உருக்காலை வாசலில் ஷிப்ட் முடிந்து வந்தவர்களை நீ ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டாய். “அனுப்பணும் மேடம், நம்ம கெத்து இன்னான்னு தெரியணும்” என்றார் ஒருவர். “அந்த ஊர்ல நம்ம புள்ளைங்களுக்கு இன்னா வேல?” என்றாள் சாப்பாட்டுக் கூடையோடு நின்ற ஒரு பெண். பழவேற்காட்டிலிருந்து மீன் வியாபாரத்துக்கு வந்த பாய் ஒருவர், குவைத்தில் இருக்கும் தன் மருமகனைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்னொருவர், “அனுப்பலாம் மேடம். டிவில எல்லாரும் அப்டித்தான சொல்லிக்கினு இருக்காங்க” என்றார்.

“அவுங்கள வுடுங்க. நீங்க இன்னா நெனைக்கிறீங்க?”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “என்னை யாரும் கேட்டதில்ல மேடம். யோசிச்சி சொல்றேன்.”

அவர் சொன்னதையும் நீ அப்படியே எழுதினாய். படை போக வேண்டும் என்றவர்களில் ஒருவரைக்கூட விடவில்லை. என் தம்பிக்காகவாவது அவர்களைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று திரும்பும் ரயிலில் கேட்டேன். “அப்பறம் எனக்கும் எங்க சாருக்கும் இன்னாடி வித்தியாசம்?” என்றாய். கோபம் வந்தது எனக்கு. மீஞ்சூர் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ஆசிரியர் அதைப் படித்து, தன் தலைப்பை அடித்துவிட்டு, அச்சுக்கு அனுப்பினார். மறுநாள் அது வந்தது, ‘படை போகலாமா? பலரும் பலவிதம்’ என்ற தலைப்பில்.

சில வாரங்களில், படை போகாது என்று தில்லி அறிவித்தது. அம்மா உன்னைக் கூப்பிட்டு வஞ்சிர மீன் குழம்பு வைத்தாள். “உன்னாலதான் கண்ணு எம்புள்ள போவல” என்றாள்.

நான் பெருமையோடு உன்னைப் பார்த்தேன். நீயோ நெளிந்தாய். “நான் எழுதுனேன், அப்பறம் அவுங்க முடிவு எடுத்தாங்க. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நடந்தா, இதனாலதான் அதுன்னு ஆயிடுமா? எனக்குத் தெரியாதும்மா.”

“தெரியாட்டி போவுது. துன்னு” என்று இன்னொரு துண்டு வைத்தாள் அம்மா.

அன்று புரியவில்லை. உன் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். அடுத்தவர் பொய்யைச் சந்தேகிப்பது சுலபம். தனக்குப் பெருமை தரும் ஒன்றைச் சந்தேகிக்க எவ்வளவு நேர்மை வேண்டும் என்று யோசித்தால், உன் தோழியாக இருந்ததில் இப்போதும் எனக்குத் தலை நிமிர்கிறது.

தம்பி ஓய்வு பெற்று அத்திப்பட்டில் காவலாளியாக இருக்கிறான். அவன் மகள் போன வாரம், “எல்லாரும் சொல்றாங்க அத்த, போர் வரப்போவுதாம். வருமா?” என்று கேட்டாள். பெரியவளாக ஏதாவது சொல்லியிருக்கலாம். தெரியாது என்றேன். சொல்லும்போது குரல் தாழவில்லை. பிறகு இருவருமாக உட்கார்ந்து, யார் யார் சொன்னது, எங்கிருந்து சொன்னது என்று தேட ஆரம்பித்தோம்.