எட்டு விநாடி முகம்

கூட்டாளி, இன்று காலை கூத்தாநல்லூர் கடைத்தெருவில் ஒருவர் ஆலிவ் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து காட்டினார். அந்த வாசனை என்னை மிலான் நகரத்து ஓட்டல் சமையற்கட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. தட்டுக் கழுவும் தொட்டியருகே நீ பாடிக்கொண்டிருந்தாய்.

நீ அதிராம்பட்டினம், நான் இந்த ஊர். துபாய் போயிருக்க வேண்டியவர்கள், ஏஜெண்ட் பேச்சை நம்பி இத்தாலி போய், தங்குவதற்கான பேப்பர் இல்லாமல் ஆறு வருடம் ஒரே அறையில் கிடந்தோம். சமையல்காரர் எந்நேரமும் ஒரே பாடகரின் கேசட்டைத்தான் போடுவார். அந்த ஊர்ப் பாஷையை நீ அவர் பாட்டிலிருந்துதான் கற்றாய். சந்தைத் திடல்களில் பாடத் தொடங்கியவர் அவர். பிறகு நடிகரானார். தலை நரைத்தபின் தானே படம் எடுக்க வந்தார்.

"பாடுறாரு, நடிக்கிறாரு, இப்ப டைரக்டராம். ஒரு மனுசன் எத்தனை ஆளா இருக்காரு பாரு. நாம இங்க ஒரு ஆளாக்கூட இல்லடா" என்றாய்.

அவருடைய முதல் படத்துக்கு நம் சமையற்கட்டையே கேட்டு வந்தார்கள். தட்டுக் கழுவ நிஜ ஆட்கள் வேண்டுமாம். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"வாடா, ரெண்டு பேரும் நிப்போம்."

"மூஞ்சி தெரிஞ்சா போலீசு புடிச்சிரும். நான் வரல."

நான் நிலவறைக்கு இறங்கி, மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மேலே அவர், வீட்டுக்குப் போன் பேசுவதுபோல் நம் பாஷையிலேயே உன்னைப் பேசச் சொன்னாராம். படம் வந்ததும் நீ தனியாகப் போய்ப் பார்த்தாய். "எட்டு செகண்டுடா. முழுசா என் மூஞ்சி!" அப்போதும் நான் வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில், பனிமூட்டத்தில் சைக்கிளில் வேலைக்கு வந்த உன்னை ஒரு வேன் அடித்துப் போட்டது. அடையாளம் சொல்ல ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள். என்னிடமும் பேப்பர் கேட்பார்கள் என்று தெரிந்துதான் போனேன். உன் உடலைக் கொண்டுவந்த விமானத்திலேயே என்னையும் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

பல வருடம் கழித்து அந்தப் படம் போனில் கிடைத்தது. சம்பாக் கதிர் சாய்ந்திருந்த மாதம், பட்டுக்கோட்டை பஸ் ஏறி உன் உம்மாவிடம் கொண்டுபோனேன். திரையில் நீ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தாய்.

"உம்மா, நான் நல்லா இருக்கேன். கூட்டாளியும் பக்கத்துலதான் இருக்கான்."

இப்படிப் பேசியதை நீ என்னிடம் சொன்னதே இல்லை.

உம்மா அழவில்லை. மறுபடி போடச் சொல்லி, போனைக் கண்ணருகே பிடித்து மூலை மூலையாகத் தேடினார்.

"நீ எங்க இருக்கே, வாப்பா? பக்கத்துல காணலியே?"

கீழே நிலவறையில் ஒளிந்திருந்ததை மறைத்து, படத்தை இன்னொரு முறை போட்டுக் கொடுத்தேன். இப்போது உம்மாவும் இல்லை. கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது.