கொழுந்துக்குக் கால் இல்லை

இன்று காலை காய்ந்த புல் மூட்டையைப் பிரித்ததும் வாசனை அறையெங்கும் பரவியது. உங்கள் கினிப்பன்றி கூண்டுக்குள்ளிருந்து விசிலடித்தது. நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. அது இப்போது என் வீட்டில், அலுமாரிக்குப் பக்கத்தில், என்னைவிட ஒழுங்கான நேரத்தில் சாப்பிட்டு வாழ்கிறது.

கனடாவுக்குப் போன உங்கள் மகள் விட்டுச்சென்ற உயிர் அது. நம் ஹந்தானை மலைச் சரிவின் ஈரம் அதற்கு ஆகாது என்று நீங்களே கூண்டு கட்டினீர்கள். புசல்லாவைத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த காலமெல்லாம் தேயிலைக் கொழுந்தைக் கம்பி வலைத் தட்டில் பரப்பி, கீழிருந்து காற்று விட்டு வாட்டியவர் நீங்கள். எதுவும் கெடாமலிருக்க அடியில் காற்று போக வேண்டும் என்பது உங்கள் சித்தாந்தம். எனவே கூண்டுக்கும் கம்பி வலைத் தரை. தோட்டத் தொழிலாளரின் லயங்களுக்கே கிடைக்காத வடிகால் வசதி என்று பக்கத்து வீட்டு வாத்தியாரான நான் பாராட்டினேன்.

சில மாதங்களில் அது காலைச் சரியாக ஊன்றாமல் தத்தித் தத்தி நடந்தது.

"தோட்டத்துத் தொர மாதிரி நடக்குறாரு," என்றேன். ஒரு வாரம் இருவரும் சிரித்தோம். பிறகு அது ஒரே மூலையில் குந்திக்கொண்டது. நீங்கள்தான் அதைத் தூக்கி மடியில் வைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தீர்கள். பின்னங்கால்கள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. ஒன்றில் கறுப்பாகப் பொருக்கு.

"கொழுந்துக்குக் கால் இல்ல மாஸ்டர்," என்றீர்கள். "அத மறந்துட்டேன்."

அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினோம். அங்கே மிருக வைத்தியரான ஓர் இளம்பெண்ணிடம் நீங்கள் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினீர்கள். உங்கள் பல்வலிக்குத் தந்ததில் மிச்சம்.

"இதுல பாதி குடுக்கலாமா டொக்டர்?"

"குடுத்திராதீங்க. ஒங்களச் சொகமாக்கின மருந்து இதோட வயித்தக் கெடுத்துக் கொன்னுரும்."

பொருக்கைப் பிய்க்கக் கூடாது, தரை மெத்தென்று உலர்ந்திருக்க வேண்டும், நகத்தை வெட்ட வேண்டும், உடம்பு பெருக்கக் கூடாது என்றார். நம்மைப் போலவே இதற்கும் உடம்பில் விற்றமின் சி தானாக உண்டாகாதாம். தினமும் காரமில்லாத கறிமிளகாயோ கொஞ்சம் கொய்யாவோ வேண்டும். வேறு மருந்து தந்தார். புண் எலும்புவரை போயிருந்தால் பிழைப்பது கஷ்டம் என்பதையும் மறைக்கவில்லை.

அன்றே வலையைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டு, மேலே துவாயை விரித்தீர்கள். தினமும் துவாய் மாற்றினீர்கள். தினமும் பாதத்தைப் பார்த்து, தேயிலைத் தரம் சொல்வது போல அறிக்கை தந்தீர்கள்: "இன்னிக்கு ரோஸ்." மகள் தொலைபேசியில் கேட்டபோது, "நாந்தாம்மா கெடுத்தேன், நானே பாத்துக்குறேன்," என்றீர்கள். தவறைச் செய்தவரே ஒப்புக்கொள்வதை இந்த நாட்டில் நான் அதிகம் கண்டதில்லை. பத்திரிகைகளை வாசித்துக்கொண்டே இருந்தும் கண்டதில்லை.

மூன்று மாதத்தில் புண் ஆறியது.

அதே மூன்று மாதத்தில்தான் நீங்கள் நம் வீடுகளுக்கு வரும் ஏற்றத்தில் நின்று நின்று வரத் தொடங்கினீர்கள்.

"என்ன டீமேக்கர், எஞ்சின் சூடாயிருச்சா?"

"கடுகண்ணாவ ரயில் ஏத்தம் மாஸ்டர். பின்னால இன்னொரு எஞ்சின் போட்டாத்தான் ஏறும்."

நல்ல பதில். நான் அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். நெஞ்சு அடைக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. கினிப்பன்றி விஷயத்தில் ஒரு வாரம் சிரித்த பிறகாவது பாதத்தைப் பார்த்தோம். உங்கள் விஷயத்தில் நான் சிரித்ததோடு சரி.

யாராவது மெதுவாக நடந்தால் என் வாயில் முதலில் வருவது இன்னமும் பகிடிதான். அதை விழுங்கிக்கொண்டு, "எங்க நோகுது?" என்று கேட்கப் பழகிவருகிறேன். அநேகமாக எல்லோரும் "ஒண்ணுமில்ல" என்கிறார்கள். இரண்டாம் முறையும் கேட்கிறேன்.